தாகத்தோடு போகும் கல்யாணங்கள்

மாமல்லபுரம் பஸ்ஸில், தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்காமல் அப்பா மடியில் வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சிறுநீரகக் கல் எங்கள் பரம்பரைச் சொத்து. பாகப்பிரிவினைச் சண்டை இல்லாமலே எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டாக்டர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். நாங்களோ வெளியூர் கிளம்பும் நாளில் சொட்டுத் தண்ணீர் தொடமாட்டோம், வழியில் ஒதுங்க இடம் கிடையாதே. போன கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் அப்பா வலியில் சுருண்டு விழ, சொந்தக்காரர்கள் சாம்பாரைச் சந்தேகித்தார்கள்.

"குடிப்பா" என்றேன்.

"குடிச்சிட்டு? பஸ்ஸ நீ நிறுத்துவியா, நைனா?" என்றார் அப்பா.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் அக்கா கல்யாணம். தாரை வார்க்க அப்பா நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்புகிறோம். எங்கள் செங்கல்பட்டிலிருந்து கல்யாண மண்டபம் வரை, ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வரப் போகிறோம்.