நிரூபா சாத்திய படலை

என் மனைவி நிரூபாவுக்குக் குதிரை என்றால் பயம். நாய் என்றாலும் பயம்தான். அப்படிப்பட்டவளிடம், சிட்னிக்கு வடமேற்கே இருநூறு கிலோமீற்றர் நீளக் குதிரைப் பாதை திட்டமிடும் பொறுப்பை அவளுடைய அலுவலகம் கொடுத்தபோது, சிட்னியின் கிரவீனில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்பருகே நின்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

குதிரைக்காரரும் சிரித்தார்கள். முதல் கூட்டத்தில் அவள் காட்டிய வரைபடத்தில் ஆட்களுக்கு இருக்க வாங்கு, கழிப்பறை எல்லாம் இருந்தன. குதிரைக்குத் தண்ணீர் இல்லை.

“சிரிக்கட்டும். சிரிச்ச எல்லாரிட்டயும் பேப்பரைக் குடுத்து, என்ன வேணும் எண்டு எழுதி வாங்கினனான்,” என்றாள்.

பதினொரு மாதம் மண்டபம் மண்டபமாகப் போய் எழுதி வாங்கினாள். பாதை மெல்ல உருவானது, ஓரிடத்தைத் தவிர. கிரேம் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் தன் காணிக்குள்ளால் விடமாட்டேன் என்றார். முன்பு குதிரைக்காரரை விட்டவர்தான். எவனோ ஒருவன் குதிரையால் இறங்கப் பஞ்சிப்பட்டு, வேலிப் படலையைச் சாத்தாமல் போய்விட்டான். வெளியே போன மூன்று மாடுகள் ரோட்டில் லொறியில் அடிபட்டுச் செத்தன. அவர் மனம் மாறாவிட்டால் பாதை இரண்டு துண்டுதான்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுதிக் கொடுத்திருந்தாள்: குதிரையில் இருந்தபடியே இழுக்க உயரமான கைப்பிடி, தானாகச் சாத்திக்கொள்ளும் படலை. நிரூபா அதைச் செய்வித்து, கிரேமிடம் கேட்டு அவர் வேலியிலேயே பொருத்துவித்தாள்.

சனிக்கிழமை நிரூபாவை அங்கே காரில் கூட்டிப்போனேன். கிரேம் படலையைச் சுற்றிப் பார்த்தார். குதிரை தெரிந்தவன்தான் திறந்துவிட்டுப் போனான், ஓட்டத் தெரியாத ஒருவர் குதிரையில் இருந்தபடி செய்துகாட்டினால் நம்புகிறேன் என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் காருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நான் ஏறுறன்,” என்றாள் நிரூபா.

“உமக்கென்ன விசரே?”

“பேசாம இந்தப் பையைப் பிடியுங்கோ.”

கிரேமின் குதிரையில் அவரே அவளை ஏற்றிவிட்டார். பிள்ளையாரே என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. முதல்முறை கைப்பிடி எட்டவில்லை. குதிரை தலையை உதறியது. அவள் விடவில்லை. இரண்டாம் முறை எட்டி இழுத்தாள். படலை திறந்தது, குதிரை கடந்தது, பின்னால் படலை தானாகச் சாத்திக்கொண்டது.

கிரேம் போய்க் கொண்டியைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. என் கார் பொனற்றில் அனுமதிக் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இஞ்சருங்கோ, இறக்கிவிடுங்கோ. கால் நடுங்குது!”

ஓடிப்போனேன். இறக்கவில்லை, போனை எடுத்தேன்.

“கொஞ்சம் இரும்,” என்றேன். “ஒரு படம் எடுப்பம்.”