சொன்னால் கேட்காத கை

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். மல்லேஸ்வரத்தில் எச்சில் தட்டு கழுவ வந்து, அதே தெருவில் சொந்த ஓட்டல் போட்டவன். பெரிய கல்லில் ஒரே ஈடாகப் பன்னிரண்டு தோசை வார்ப்பேன். எனக்குச் சமமாக வார்க்க இந்த ஊரில் ஒருத்தன் இருந்தால் வரட்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அப்படிப்பட்டவனை, தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சின்னப் பெண் டாக்டர் ஐந்தே நிமிடத்தில் முட்டாளாக்கினாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தேன். பேச்சு திரும்பிவிட்டது. பிடியில் பலம் இருந்தது. டாக்டரின் விரலை நசுக்கியே காட்டினேன். இனி அடுப்படிக்குப் போகலாமா என்று கேட்டேன். டாக்டர் சரி சொன்னால்தான் கல்லுக்கு விடுவேன் என்று கூட வந்திருந்த மகன் சொல்லியிருந்தான். என் கடைக்குள் என்னை விடுவதற்கு அவன் யார்?

“தோசை ஊத்துற மாதிரி காட்டுங்க சார், பார்க்கலாம்,” என்றாள் டாக்டர்.

கரண்டி இல்லை, கல் இல்லை. வெறும் காற்றில் காட்ட வேண்டுமாம். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. முஷ்டி பிடித்து நெஞ்சில் இடித்தது. மறுபடி முயன்றேன், தலை வாருவது போல் ஏதோ செய்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கையில குறை இல்ல சார். ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு கைக்குத் திட்டம் போட்டுக் குடுக்கிற இடம் மூளையில இருக்கு. அடி அங்கதான். செஞ்சு காட்டுங்கன்னு கேட்டா தடுமாறும். பழகின வேலை பழகின இடத்துல தானா வந்தாலும் வரும்.”

கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மகன் காதில் ‘தடுமாறும்’ மட்டும் விழுந்தது.

“சுடு கல்லுப்பா, வெந்துடும். நீங்க வீட்டுல டிவி பாருங்க,” என்றான்.

“உன்னை பி.காம். படிக்க வெச்சது இந்தக் கைதாண்டா.”

“அந்தக் கைதான்பா இப்ப நீங்க சொன்னதைக் கேக்கல.”

ஒரு மாதம் வீட்டில் குமுறினேன். “காபி ஆத்துறீங்க, பட்டன் போடுறீங்க. டாக்டர் கேட்டா மட்டும் வராதா? நடிக்கிறீங்களா?” என்று மனைவி வேறு எரிச்சலைக் கிளப்பினாள்.

ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனேன். மகன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். தோசை மாஸ்டர் “வாங்கண்ணா” என்று ஒதுங்கினான். கூட்டம் நெரித்தது. சப்ளையர் கன்னடத்தில், “எரடு மசாலே, பேக பேக,” என்று இரண்டு மசால் தோசைக்கு அவசரப்படுத்தினான். தண்ணீர் தெளித்தேன், துடைப்பத்தால் கல்லைத் தேய்த்தேன், மாவை எடுத்தேன். இதையெல்லாம் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நாலு ஈடு எடுத்துவிட்டேன்.

அப்போது மகன் உள்ளே வந்தான். விடுவேனா?

“நல்லா பாருடா, எப்படி ஊத்துறேன்னு.”

அவன் பார்த்தான். நானும் என் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான். கரண்டி பாதியில் நின்றது. மாவு மொத்தையாகக் கல்லில் விழுந்தது. அதைப் பரப்பத் தெரியாமல் கை அந்தரத்தில் அசைந்து, விரல் கல்லில் பட்டுத் தீய்ந்தது. சாப்பிட வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கரண்டியை வீசி எறிந்தேன்.

மகன் அதைப் பொறுக்கிக் கழுவி என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான்.

அங்கிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, “மாஸ்டர், மூணு பிளெயின். எவ்ளோ நேரம்?” என்று கத்தினான்.

யாரை மாஸ்டர் என்கிறான்? கூலிக்காரனை அதட்டுவது போல், என் கடையில், என்னையே? பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முதுகையே முறைத்தேன். வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் மனசுக்குள் கொட்டித் தீர்த்தபோது, கல்லில் மூன்று தோசை சிவந்துகொண்டிருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. நான் வார்ப்பதை அதன்பிறகு அவன் ஒருநாளும் நின்று பார்த்ததே இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.