எந்தச் சேனலிலும் வராத பத்து மணித் தொடர்

திங்கட்கிழமை காலை எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் நிலையத்தில் பெங்களூர் ரயில் ஏறியபோது பெண்கள் பெட்டியில் சத்தமே இல்லை. எங்கள் பெட்டி அப்படி இருக்காது. மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் ஊரிகம் வருவதற்குள் ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் முடித்திருப்பார்கள். அன்று சகாயமேரி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பிரேமாக்கா பூட்டாங்க ரோஸி. சனிக்கிழமை ரயில் எறங்கி ஊட்டுக்கு நடந்து போறப்ப பைக் இடிச்சிடுச்சாம். நேத்து ஆஸ்பத்திரியில உசுரு போச்சாம். அவங்க பொண்ணு கவிதா இப்பதான் போன் பண்ணுச்சு" என்றாள்.

பங்காருப்பேட்டையில் இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்து ஊரிகத்துக்குத் திரும்பினோம். நான், சகாயமேரி, லோகேஸ்வரி மூவரும். இத்தனை வருடம் சேர்ந்து பயணம் செய்தும் அவர் வீட்டை நாங்கள் பார்த்ததில்லை. விடியும் முன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர்களுக்கு யார் வீட்டுக்கும் போக நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை துவைக்கவும் தூங்கவுமே சரியாகிவிடும்.

ஆனால் அந்த வரிசை வீட்டின் முன்னால் போய் நின்றதும் எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. வாசலில் அடிவாங்கி நெளிந்த நீல டிரம். சுவரில் கவிதாவின் பெயரையும் ஒரு பையனின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்ததை யாரோ சுண்ணாம்பால் மறைக்கப் பார்த்திருந்தார்கள், மறையவில்லை. உடைந்த கூரை ஓட்டின்மேல் பிளாஸ்டிக் தாள். லோகு என் கையைக் கிள்ளி, "அக்கா, இது அந்தப் பத்து மணி சீரியல் வூடு" என்றாள்.

அந்தத் தொடரைப் பற்றிச் சொன்னால்தான் அவரைத் தெரியாதவர்களுக்குப் புரியும்.

பிரேமாவதி அவர்கள் பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். கணவர் முனிரத்தினம் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடியது, அவருக்கு இருமல் மட்டும் மிஞ்சியது. ஒரே மகள் கவிதா, பி.காம். கடைசி வருடம். நான் முதன்முதலாக இந்த ரயிலில் ஏறிய அன்று இடத்துக்காக ஒருத்தியிடம் மல்லுக்கு நின்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். பிரேமாக்கா நகர்ந்து உட்கார்ந்து, "குந்தும்மா. சீட்டு இன்னா உங்கப்பன் ஊட்டுதா, எங்கப்பன் ஊட்டுதா? பெங்களூர் வந்தா எல்லாரும் எறங்கித்தான் ஆவணும்" என்றார். சண்டை போட்டவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் பக்கம்தான் என் இடம்.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாருக்கும் எல்லாத் தொடரும் பார்க்க ஆசை. பார்த்தால் தூக்கம் போகும். அதனால் பங்கு போட்டுக்கொண்டோம். ஏழு மணித் தொடரைச் சகாயமேரியின் மாமியார் பார்த்து அவளிடம் சொல்வார். ஒன்பது மணி லோகு. ஒன்பதரை நான். மறுநாள் காலை அவரவர் பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பங்காருப்பேட்டை தாண்டியதும் கதை தொடங்கினால், ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் எல்லாக் குடும்பங்களின் சண்டையும் எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.

பிரேமாக்கா கதை சொல்வதில் மகா மோசம். கதாநாயகி அழும் இடம் வந்தால், "அழுவுறா, வுடு" என்று தாண்டிவிடுவார். அதனால் அவருக்கு ஒரு தொடரும் ஒதுக்காமல் வைத்திருந்தோம். போன மழைக்காலத்தில் அவராகவே, "நான் ஒண்ணு பாக்கறேன், பத்து மணிக்கு. கன்னடச் சேனல். திகில் கதை" என்றார். பத்து மணிவரை யார் விழித்திருப்பது? அவருக்கே விட்டுவிட்டோம்.

அந்தக் கதையை அவர் வேறு மாதிரி சொன்னார். ஒரு வீடு. அப்பா, அம்மா, படிக்கிற பெண். அதே வரிசையில் மூன்று பையன்கள். வேலை கிடையாது, பைக் மட்டும் உண்டு. முதலில் தண்ணீர் கேட்டு வந்தார்கள், அம்மா கொடுத்தாள். பிறகு வாசல் படியிலேயே உட்கார்ந்தார்கள். பிறகு அங்கேயே குடித்தார்கள். பெண் கல்லூரிக்குப் போகும்போது பின்னால் பைக் வரும். தட்டிக்கேட்டால் அன்று மாலை கூரைமேல் கல் விழும், சுவரில் பெண்ணின் பெயரோடு ஒரு பையன் பெயர் ஏறும். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் அது தொடங்கியபின் மற்ற தொடர்களைக் கேட்க ஆளில்லை. ஏறியதும் ஏறாததுமாக, "இன்னாக்கா ஆச்சு நேத்து?" என்பதே பேச்சு.

"அக்கம்பக்கத்துல யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"கேக்கறாங்களே. கல்லு வுழுந்தா, கீழ சுரங்கத்துல தண்ணி ஏறுது, அதான் ஓடு ஆடுதுன்னு சொல்லி கதவ சாத்திக்கறாங்க" என்றார்.

"அட, நம்மூரு மாதிரியே கீதே" என்று சகாயமேரி கைதட்டினாள். "இங்கதான் எடுக்கறானுங்களோ இன்னாமோ. ஒருநாள் ஷூட்டிங் பாக்கப் போலாம்டி." எல்லோரும் சிரித்தோம். பிரேமாக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பெட்டி முழுக்க அந்த அம்மாவுக்கு யோசனை சொன்னது. பையன்களின் தாய்மாரைப் போய்ப் பார்க்கலாமே என்றாள் சகாயமேரி. சில நாளில் பிரேமாக்கா, "அந்தம்மா போனாங்கடி. ‘எம்புள்ள கூப்ட்டா உம்பொண்ணு ஏன் திரும்பிப் பாக்குது?’ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க" என்றார். போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே என்றேன் நான். அதுவும் கதையில் வந்தது. "ஸ்டேஷன்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்க. பசங்களும் பக்கத்துல குந்திகினு அதே டீயத்தான் குடிச்சானுங்க. ‘ஒந்தே லைன்அல்லி இர்தீரா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொளம்மா’ன்னாங்க. ஒரே லைன்ல இருக்கீங்க, கொஞ்சம் அனுசரிச்சிக்கோன்னு அனுப்பிட்டாங்க" என்றார். அன்று மாலையே டிரம்மை உருட்டி மிதித்தார்களாம்.

பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பு என்றாள் லோகு. பேத்தமங்களாவில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பெயரை அக்கா வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை, "ஏரி இருக்கிற ஊரு" என்றுதான் சொன்னார். ஏரிக்கரைக்கே பைக் வந்தது. சித்தி பயந்துபோய்ப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"வூட்ட வித்துட்டுப் போவட்டுமே, சனியன்" என்றேன்.

"வூடு அவங்க பேர்ல இல்லியாம்."

"அந்த ஆளு இன்னாதான் பண்றான்? பொண்டாட்டி பொண்ணக் காப்பாத்தத் துப்பில்லாத ஆம்பள!"

பிரேமாக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நல்ல மனுசன்தான்டி ரோஸி. மூச்சுதான் இல்ல" என்றார்.

சகாயமேரியின் மகன் எல்லாக் கன்னடச் சேனலிலும் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு தொடரே இல்லை என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் பிரேமாக்காவிடம் கேட்டதற்கு, "எங்க கேபிள்காரன் எங்கேருந்து புடிச்சுப் போடறானோ, யாரு கண்டா?" என்று முடித்துவிட்டார். எங்களுக்கும் அது போதுமாக இருந்தது. கதை வேண்டும், சேனல் எதற்கு?

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று இந்த ஒரு வாரமாக அவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் பதிலும் எனக்குத் தெரியும். கவிதா என்ற பெயரை அவர் எங்கள் பெட்டியில் வைத்திருந்தால், அது பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் அடுத்த பெட்டிக்குப் போயிருக்கும். மாலை திரும்பும் ரயிலில், அந்தப் பெண் என்ன செய்தாளோ என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். மகள் பெயர் கெடாமல் யோசனை கேட்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். நாங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் செய்து பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மாலை ரயிலில் கூட்டம் குறைவு. அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. கதை எப்போதான் முடியும் என்று லோகு கேட்டாள்.

"முடியப் போவுதுடி. அந்தப் பொண்ணுக்குக் கடைசிப் பரீட்சை வருது. எழுதி முடிச்சதும் பெங்களூர்ல ஒரு ஆஸ்டல்ல சேத்து, வேலைக்கு அனுப்பிடுவாங்க. அதோட சுபம்."

"அய்ய! அப்போ அந்தப் பசங்க? அவனுங்கள ஜெயில்ல போட வேணாமா? எந்தக் கதையில வில்லன வுட்டிருக்கான்?" லோகுவுக்கு ஆத்திரம்.

"அவனுங்க இன்னா ஆனா எனக்கு இன்னாடி? பொண்ணு தாண்டிப் பூட்டா போதும்" என்றார் பிரேமாக்கா. ‘எனக்கு’ என்று அவர் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. கோரமண்டலில் நான் இறங்கியபோது, "திங்கக்கிழமை எலுமிச்சஞ்சாதம் கொண்டாரேன், நீ கொழம்பு எடுத்துகினு வராதே" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அடுத்த நிலையமான ஊரிகத்தில் இறங்கி நடந்தவரைப் பயமுறுத்துவதற்காக அந்தப் பையன்கள் பைக்கில் உரசிக்கொண்டு போனார்களாம். எப்போதும் செய்வதுதான் என்று கவிதா சொன்னாள். அன்று அக்காவால் ஒதுங்க முடியவில்லை. சாக்கடைக் கல்லில் தலை மோதியது. இருட்டில் தெரியாமல் இடித்துவிட்டதாக பைக் ஓட்டிய பையன் அழுதானாம். போலீசார் விபத்து என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுவது, நாற்காலி எடுத்துவருவது, பாடை கட்டுவது, தூக்குவது எல்லாம் அந்த வரிசைப் பையன்களின் பொறுப்பு. கேட்கவே வேண்டாம், வந்து நிற்பார்கள். காலங்காலமாக இந்த ஊரை நல்ல ஊர் என்று நாங்கள் பீற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றும் வந்து நின்றார்கள். மூன்று பையன்கள் ஓடியோடி வேலை செய்தார்கள். ஒருவன் எனக்கு நாற்காலி போட்டு, "குந்துங்கம்மா" என்றான். முகத்தில் இன்னும் மீசை சரியாக வரவில்லை. பாடையின் முன்பக்கத்தை அவன் தூக்கக் குனிந்தபோதுதான் கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

"கைய எடுடா!" என்று கத்தினேன். மேளம் நின்றது. வரிசை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பெரியவர் ஒருவர் மட்டும் என்னருகில் வந்து, "சாவு ஊட்ல சத்தம் போடாதம்மா" என்றார். முனிரத்தினம் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது.

கவிதா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். குளிர்ந்த கை. "வுடுங்கக்கா. தூக்கட்டும். நீங்க சாயங்காலம் பூடுவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, அங்கிருந்து பரீட்சை எழுது என்று கெஞ்சினேன். "அப்பாவ யாரு பாக்கறது? சம்பளமும் இனிமே நான்தானே கொண்டாரணும்? அம்மா வேலைய எனக்குக் கேட்டுப் பாருங்கக்கா" என்றாள். நானும் அக்காவைப் போல எல்லா வழியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

தூக்கினார்கள். நல்ல பலசாலிப் பையன்கள், ஆடாமல் அசையாமல் கொண்டுபோனார்கள். மண் போட ஆண்பிள்ளை இல்லை என்பதால் கவிதா போனாள். வழக்கமில்லைதான், ஆனால் அவளோடு நாங்கள் மூவரும் போனோம். சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண்மேட்டுக்குப் பின்னால் உள்ள இடுகாட்டில் காற்று அள்ளிக் கொட்டிய தூசியில் யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாம் முடிந்து திரும்பும்போது அந்தப் பையன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு கவிதாவின் பக்கத்தில் வந்து நின்றான். எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்ப மரியாதையாக, "அம்மா இல்லன்னு கவலப்படாதே. எது வேணுமின்னாலும் கூப்டு. நாங்க பக்கத்துலயேதான் இருக்கோம்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் நல்ல பிள்ளை என்பதுபோலத் தலையாட்டினார்கள். கவிதா தரையைப் பார்த்தபடி, "சரிண்ணா" என்றாள்.

பிரேமாக்கா, அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் போய்விட்டீர்களே, அந்த மட்டும் நல்லது. தூங்குங்கள்.