தம்பிக்குக் கொடுத்த தந்தி

எங்கள் விராலிமலைப் பக்கம் தந்தியில் சாவை எழுதமாட்டோம். ஊராருக்குத் தந்தி எழுதிக் கொடுப்பவன் நான்தான். செத்தவரைக்கூட 'சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்றுதான் எழுதுவோம். படிப்பவர் புரிந்துகொண்டு அழுவார். இது தெரிந்திருந்தும், ஆத்தா படுக்கையில் விழுந்து "சின்னவனப் பாக்கணும்டா" என்றபோது, கொழும்புக் கடையில் வேலை பார்த்த தம்பிக்கு அதே வரியை அனுப்பினேன். பதற்றத்தில் கை எழுதிய இங்கிலீஷ் அதுதான்.

தம்பி வரவில்லை. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. "அண்ணே, நான் வந்து சேர்வதற்குள் ஆத்தாவை எரித்திருப்பீர்கள். இங்கேயே மொட்டையடித்துக் குளித்துவிட்டேன். காரியத்துக்கு வருகிறேன்."

கடிதம் கையில் கனத்தது. உள்ளேயிருந்து, இருமலுக்கும் மூச்சுக்கும் நடுவே, ஆத்தா கேட்டாள்.

"சின்னவன் கடுதாசியாடா? எப்ப வாரானாம்?"

"பொறப்பட்டுட்டானாம் ஆத்தா."

"சோத்த வடிச்சு வைக்கச் சொல்லு. அவன் பசி தாங்கமாட்டான்."

'ஸ்டில் அலைவ்' என்று மறுபடி தந்தி அடித்தேன். மறுநாள் மதியம் ஆத்தா போய்விட்டாள். அதற்கடுத்த நாள் தம்பி வந்தான். என்னைத் திட்டவில்லை.

"உசுரு இருக்குன்னு முதல்லயே போட்டிருக்கலாம்ல அண்ணே" என்றான்.

இப்போது யாருக்குத் தந்தி எழுதிக் கொடுத்தாலும், உயிர் இருந்தால் இருக்கிறது என்றும், போயிருந்தால் போய்விட்டது என்றும் அப்படியே எழுதுகிறேன். அபசகுனம் என்று ஊரார் முகம் சுளிக்கிறார்கள். தம்பி அதன்பிறகு வரவேயில்லை. அவனை வரச்சொல்லிக் கேட்கவும் வீட்டில் யாருமில்லை.