சங்கத்தின் சம்மதம்

என் கணவர் பல வருடம் மெடிக்கல் ரெப்பாக அலைந்தவர். தெற்குக் கொல்கத்தாவில் அவருக்குத் தெரியாத மருந்துக்கடை கிடையாது. அந்தத் தைரியத்தில் வேலையை விட்டுவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, மருந்து மொத்த வியாபாரம் தொடங்கினார். லைசென்ஸ் இருந்தது. ஒரு கம்பெனி தன் மருந்துகளை விற்க அவரை நியமித்தும் விட்டது.

சரக்கு வந்து இறங்கியதுமே மருந்து வியாபாரிகள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்தப் பகுதிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், புதிதாக யார் வந்தாலும் சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள்.

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே," என்று இவர் பெங்காலியில் கேட்டார்.

வந்தவர்களில் பெரியவர் சிரித்தார். "சட்டமா வந்து உங்ககிட்ட சரக்கு வாங்கப்போகுது, தாதா?" அண்ணா என்பதைத்தான் பெங்காலியில் தாதா என்பார்கள்.

அதன்பின் ஒரு கடையும் இவரிடம் வாங்கவில்லை. கம்பெனியும் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. காரணம் கேட்டால், மேலிடத்து முடிவு என்றார்கள். கிடங்கில் இருந்த மருந்துகள் தேதி முடிந்து கிடந்தன. இவர் மட்டும் தினமும் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படிப் போட்டியை முடக்குகிறவர்களை விசாரிக்க டெல்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது என்று ஒரு வக்கீல் சொன்னார். புகார் கொடுத்தோம். விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சாட்சி வேண்டுமே! வருடக்கணக்கில் இவருடன் டீ குடித்த கடைக்காரர்கள் எல்லாம், "எங்களை விட்டுடுங்க தாதா," என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெங்காலிப் பெண் மருந்துக்கடை வைத்திருந்தார். கணவரை இழந்தவர். நான் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். தைராய்டு மாத்திரை வாங்கப் போனபோது அவரே பேச்சை எடுத்தார்.

"நான் வந்து சாட்சி சொல்றேன்."

"வேண்டாம் பௌதி, உங்க கடை என்னாகும்?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட வாங்கக்கூடாதுன்னு எனக்கும்தான் போன் வந்துது. நானும் வாங்கல. ஏன் வாங்கலன்னு சொல்ல நான் இருக்கேன் இல்ல?"

டெல்லிக்கு மூவருமாகப் போனோம். விசாரணை நடந்த அறைக்குள் என்னை விடவில்லை. யாரும் உங்களைத் தடுக்கவில்லையே, நீங்களாகத்தானே வாங்கவில்லை என்று சங்கத்தின் வக்கீல் பௌதியை மடக்கியிருக்கிறார். "ஒரு அம்மா இன்சுலின் கேட்டு வந்தாங்க. இவர் கிடங்குல அது இருக்குன்னு தெரிஞ்சே, இல்லைன்னு அனுப்பினேன். பயம் இல்லாம யாராவது அப்படிச் செய்வாங்களா?" என்று பௌதி திருப்பிக் கேட்டாராம். வெளியே வந்து இவர்தான் இதை என்னிடம் சொன்னார். பௌதி தண்ணீர் மட்டும் கேட்டார்.

ஊர் திரும்பியபின் பௌதிக்கும் சரக்கு வரத்து மெல்ல மெல்ல நின்றது. எந்த மொத்த வியாபாரியைக் கேட்டாலும் ஸ்டாக் இல்லை. கடையை மூடிவிட்டு, நியூ டவுனில் ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இவரும் கிடங்கைக் காலி செய்துவிட்டு ஹவுராவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார்.

தீர்ப்பு வருவதற்குள், புகார் கொடுத்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண் கல்லூரியையே முடித்துவிட்டாள். சங்கம் செய்தது தவறு, இனி யாரிடமும் அப்படிச் சம்மதம் கேட்கக்கூடாது என்று உத்தரவு. அபராதமும் உண்டு. இவர் அதை உரக்கப் படித்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு நியூ டவுன் போனோம். பௌதி சீருடையில் வெளியே வந்தார். வாசலில் நின்றபடியே இவர் விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே யார் வேணும்னாலும் வியாபாரம் தொடங்கலாமா?"

"தொடங்கலாம், பௌதி."

"நீங்க?"

இவர் சந்தேஷ் டப்பாவைத் திறந்து நீட்டினார். பௌதி அவர் முகத்தையே சற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டார்.