பதினாலு என்று நான் சொன்னேன்

முப்பது வருஷமாக வகுப்பில் கத்தியே பழகிய எனக்கு ஒரு மெகாபோனையும் கொடுத்தார்கள். கொரோனா வந்த முதல் கோடை அது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து, கல்யாணமாகிச் செம்பூருக்குப் போனவள். தாராவியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு டீச்சர். உத்தரவுகள் மராத்தியில் வரும். அவற்றைத் தமிழில் அறிவிப்பதும், காய்ச்சல் பார்ப்பதும், விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவைக் குறிப்பதும் என் வேலை. தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து, அங்கத்திய பேச்சில் கல்லி, எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே நின்றுகொண்டு, ஆறடி இடைவெளி விடுங்கள் என்று அறிவித்தேன். சந்து முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் தப்பித்தேன்.

நான் கோபக்காரி, என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. திங்கட்கிழமை டெஸ்ட் என்றால் திங்கட்கிழமை டெஸ்ட். மழை கொட்டி ரயில் நின்றுபோனாலும், வந்து சேர்ந்த நாலு பேருக்கு டெஸ்ட் உண்டு. அப்படிப்பட்டவளை நாளுக்கொரு பேச்சு பேச வைத்தார்கள். காய்கறிக் கடை காலை பதினொரு மணி வரை என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து, நாள் முழுக்கத் திறக்கலாம் என்றேன். அந்த வாரமே, திறக்கவே கூடாது என்றேன். ரோட்டின் இடது பக்கக் கடைகள் ஒரு நாள், வலது பக்கக் கடைகள் மறுநாள் என்று ஓர் உத்தரவு வந்தது. எந்த முனையில் நின்று பார்த்தால் இடது என்று அதில் இல்லை. ஒரு ஆபீஸ் சொன்னதை அடுத்த ஆபீஸ் மறுக்கும். டிவியில் மூன்றாவதாக ஒருவர் தோன்றி, இரண்டும் இல்லை என்பார். திட்டெல்லாம் எனக்கு. அந்தச் சந்துக்கு அரசாங்கம் என்றால் நான்தான்.

சந்தின் நடுவே ஓர் இட்லிக்காரம்மா இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவர் அவித்துக் கொடுப்பதைக் கணவர் சைக்கிளில் வடாலாவரை கொண்டுபோய் விற்பார். ஊரடங்கில் சைக்கிள் படுத்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மா தினம் ஒரு அண்டா மாவு அரைத்து, அடுப்பெரியாத வீடுகளுக்கு அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. (ஒரு மாதம் கழித்து அவர் பிழைத்துத் திரும்பினார். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.) அவரோடு பழகியவர்கள் யார் யார் என்று நான் பட்டியல் எடுக்க வேண்டும். வண்டியில் ஏறினால் திரும்ப முடியாது என்ற பேச்சு எங்கும் பரவியிருந்த சமயம். ஆகவே, கையில் இருந்த உத்தரவை மெகாபோனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பழகியவர்கள் பெயர் கொடுத்தால் போதும், யாரையும் கூட்டிப் போக மாட்டார்கள், பதினாலு நாள் அவரவர் வீட்டிலேயே தனியாக இருந்தால் சரி.

ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகு இட்லிக்காரம்மா மட்டும் வெளியே வந்தார். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுத்ததும், நெற்றியில் ஈரத்துணி போட்டதும் தான்தான் என்றார்.

“வீட்லயேதானா டீச்சர்? கூட்டிட்டுப் போயிர மாட்டாவளே?”

“மாட்டா. நான் சொல்றேன்” என்றேன்.

அவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. அந்த அம்மா அன்றைக்கே மாலாவில் ஏறிவிட்டார். அறைக்குள் பாதி உயரத்தில் பலகை அடித்து மேல்தட்டு போட்டிருப்பார்கள், அதுதான் மாலா. நிமிர்ந்து உட்கார்ந்தால் தகரம் தலையில் இடிக்கும். கணவருக்குச் சர்க்கரை நோய், அவர் கீழே. பொதுக் கழிப்பறைக்கு அந்த அம்மா போகும் நேரத்தைச் சந்தே கூடி முடிவு செய்தது. விடிந்தும் விடியாத அந்தக் கால் மணி நேரம் வேறு யாரும் தலைகாட்ட மாட்டார்கள். அவர் திரும்பியதும் ஒரு பெண் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். எந்த உத்தரவிலும் இது இல்லை. நான் பார்த்த சட்டங்களிலேயே கடைசிவரை மாறாமல் இருந்தது இந்த ஒன்றுதான்.

மூன்றாம் நாள் புது உத்தரவு வந்தது. நெரிசலான இடங்களில் பழகியவர்களையும் தனிமைப்படுத்தும் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் ஆபீசுக்கு போன் போட்டுக் கத்தினேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மறுமுனையில் இருந்தவர் பாவம், அவரும் என்னைப் போல ஒருவர். மேலிருந்து வந்திருக்கிறது மேடம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேறு யாரையாவது அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்திருக்கலாம். நானே வண்டியோடு போனேன். வெட்கத்தில் மெகாபோனைக் கையில் எடுக்கவில்லை. எதிர்வீட்டு டெய்லர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை; கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இனி இந்தக் கல்லியில ஒரு பய ஒங்ககிட்ட பேர் சொல்ல மாட்டான் டீச்சர்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் வார்த்தையை நம்பிப் பெயர் கொடுத்தவர்களுக்கு வண்டி. மறைத்தவர்களுக்கு வீடு. நாளைக்கு யாருக்காவது மூச்சு முட்டினாலும் சொல்ல மாட்டார்கள். கதவுக்குள்ளேயே செத்துப்போவார்கள். அதற்கு நானே காரணமாக இருப்பேன்.

அப்போது ஏணி முனகும் சத்தம் கேட்டது. இட்லிக்காரம்மா மாலாவிலிருந்து இறங்கிவந்தார். கையில் ஒரு துணிப்பை. உத்தரவு அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. பை முன்பே தயாராக இருந்தது. வாசலில் நின்று, முந்தானையால் மாஸ்க்கின் மேல் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, சந்து முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

“டீச்சர் பொய் சொல்லல. அவியளுக்கு வந்த காயிதம் மாறிட்டு, அவிய என்ன செய்வாவ? நான் போய்ட்டு வாரேன். யாருக்கும் மேலு சுட்டா மறைக்காதிய. டீச்சர்ட்ட சொல்லுங்க.”

வண்டியில் ஏறினார். பட்டியலில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அவர் பின்னால் ஏறினார்கள். எனக்காக ஒருவர் சாட்சி சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. மறுநாள் காலை நான் மேஜை போட்டு உட்கார்ந்தபோது, வரிசையில் முதலாவதாக டெய்லர் நின்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினார்.

மையம் என்பது என் பள்ளிக்கூடம்தான். அந்த அம்மாவுக்குக் கிடைத்த கட்டில் என் நாலாம் வகுப்பில். போனில் சொன்னார், கரும்பலகையில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறதாம். துடைக்க வந்தவர்களைத் தடுத்துவிட்டாராம். மார்ச் மாதம் நான் எழுதிப்போட்ட வீட்டுப்பாடம் அது. அதன் கீழே ஒரு பெண் நாட்களை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதற்குள் உத்தரவு மறுபடி மாறியது. பதினாலு வேண்டாம், பத்து போதும். பத்தாம் நாள் எல்லோரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்லப்போகிறேன் என்று ஓடினேன். வீட்டில் கணவர் மட்டும் நின்றார். மேலே கையைக் காட்டினார்.

இட்லிக்காரம்மா மாலாவில் இருந்தார்.

கீழே நின்று அண்ணாந்து, பத்து நாள் போதும் என்று உத்தரவாகிவிட்டது, நீங்கள் இறங்கலாம், அடுப்பு மூட்டலாம் என்றேன். பலகை விளிம்பில் அவர் முகம் தெரிந்தது.

“நீங்க எங்கிட்ட பதினாலுன்னுல்லா சொன்னிய? எங்க வீட்லன்னும் சொன்னிய. மிச்சம் நாலு நாளு இங்ஙனயே இருந்துக்கிடுதேன். ஒங்க வாக்கு ஒண்ணாவது முழுசா நிக்கட்டும் டீச்சர்.”

நான் அழுதேன். மாஸ்க்கும் அதற்கு மேல் பிளாஸ்டிக் முகத்தகடுமாக அழுவது லேசான காரியமில்லை, துடைக்க வழியில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வார்த்தைக்கு இவ்வளவு எடை போட்டவரை நான் பார்த்ததில்லை. அதைவிட, கூடப் போய்த் திரும்பியவர்களும் நாலு நாள் வாசல்படி தாண்டவில்லை. அப்படி இருக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இட்லிக்காரம்மா இறங்கவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

பதினைந்தாம் நாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். டெய்லர் ஏணியை அடியில் பிடித்துக்கொண்டார். கணவர் அரிசி ஊறவைத்திருந்தார். என் கையிலிருந்த போனில் புது உத்தரவு ஒன்று வந்து விழுந்த சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் கால் தரையில் படும்வரை நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.