சொந்தமா, அசலா

மகன் பிறந்த மூன்றாம் நாள் காலையில், அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ் வந்தார். ராஜபாளையத்தில் இரண்டு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அறை அது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குத் துணையாக வந்திருந்தவர் என் மாணவி ஒருத்தியின் தாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். டீச்சர், டீச்சர் என்று அந்த அம்மாள் எனக்கு வெந்நீரும் காபியும் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தார்.

நர்ஸ் பிள்ளையின் காலை வெதுவெதுப்பான துணியால் சுற்றி வைத்து, பிறகு குத்தி, தடித்த அட்டையில் ரத்தத்தை ஒற்றி எடுத்தார். பிள்ளை வீறிட்டான். என் கணவர் அவன் தலையில் கைவைத்து, “அம்புட்டுதான்யா, முடிஞ்சிருச்சு” என்றார்.

நர்ஸ் நிமிர்ந்து, “சொந்தத்துல கட்டுனதா, அசலா?” என்று கேட்டார். “சொந்தம்னா ஜீன் டெஸ்ட்டும் எடுத்துப் பாக்கலாம். கட்டாயமில்ல, உங்க விருப்பம்தான்.”

என் கணவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். விருப்பப்பட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு குடும்பத்தின் வம்சப் படத்தை வரைந்து, நெருங்கிய உறவில் ஏன் கல்யாணம் செய்யக் கூடாது என்று விளக்குகிறவளும் நான்தான். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தாய் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

“அசல்தான்” என்றேன்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைத் துணிக்குள் இழுத்து மூடினார். “செத்த வெளிய போயிட்டு வாரேன்” என்று எழுந்து போனார். வீட்டுக்குப் போகும்வரை அந்த அறையில் அவரை மாமா என்று கூப்பிடாமலே சமாளித்தேன். அதையும் அவர் கவனித்திருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்த சில நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தைராய்டு அளவு சரியில்லை, திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். பாதி வேலையில் கிளம்பி வந்து எங்களைக் கூட்டிப்போனார்.

இரண்டாவது ரத்தத்திலும் அதேதான் வந்தது. குழந்தைகள் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “தினமும் மாத்திரை கொடுத்தாப் போதும், நல்லா வளருவான். சீக்கிரமே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா மூளை வளர்ச்சி பாதிச்சிருக்கும்.” பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, “நீங்க அசல்தானே?” என்றார்.

நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

“இல்ல மேடம்” என்றார் என் கணவர். “இவ எங்க அக்கா மக. அன்னைக்கு நர்ஸ் கேட்டப்ப நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. “பிள்ளை விஷயத்துல எதுக்குங்க பொய்? வீட்ல ஒரு டீச்சரை வச்சுக்கிட்டு நீங்க இப்படிச் செய்யலாமா?” என் கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்குத் தொப்பி சரிசெய்வதுபோல் இருந்தேன். இது உறவில்லாதவர்களின் பிள்ளைக்கும் வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தாலும் கூசுகிறது.

ஜீன் டெஸ்ட்டுக்கு மூவரும் ரத்தம் கொடுத்தோம். பல வாரங்கள் கழித்து முடிவு வந்தது. ஒரே ஜீனில் ஒரே மாற்றம் எங்கள் இருவரிடமும் இருந்தது. மகனுக்கு இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறந்தவுடன் பார்த்துவிடலாம், பயமில்லை என்றார்கள்.

அன்று டாக்டர் அறையை விட்டு எழும்போது, “முதல்ல அசல்னு சொன்னது நான்தான் மேடம், இவரு இல்ல” என்றேன். டாக்டருக்கு அது நினைவிலேயே இல்லை. “சரிம்மா” என்று அடுத்த பிள்ளையை உள்ளே வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார். “இப்பப் போயி அதை எதுக்குட்டி சொன்ன?”

“நீங்க ஏன் மாமா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“உன் மூஞ்சியப் பாத்தேன். பொறவு என்ன செய்யச் சொல்லுத?” என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின் நின்றார். “நீ டாக்டர்கிட்ட சொன்னதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்குக் காபி கொண்டாந்த அந்தம்மா முன்னாடி என்னை அசலாக்கிட்டியே, அதுதான்.”

மகனை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரை வாங்கக் கடை வரிசையில் போய் நின்றேன்.